கோப்பை பிறந்த ஊரில்

இங்கிலாந்தின் ஸ்டோக் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டவர் ஜோசையா வெட்ஜ்வுட். கையில் ஒரு சாடியைப் பிடித்துக்கொண்டு 1863இலிருந்து அங்கேயே நிற்கிறார். நம் பக்கத்துச் சிலைகளுக்குக் கையில் வாள் இருக்கும், புத்தகம் இருக்கும், ஒன்றுமே இல்லாவிட்டால் விரலை நீட்டி எங்கேயாவது வழியாவது காட்டும். ஒரு குயவருக்குச் சிலையா! அதுவும் சாடியும் கையுமாகவா! வாயைப் பிளந்து நின்றதில் நவம்பர் மாதக் குளிர் பல்லிடுக்கு வரைக்கும் போய்விட்டது.

"சித்தி, வாய மூடிக்கிட்டு வாங்க. பஸ் போயிரும்" என்றான் அக்கா மகன். அவன் இங்கே படிக்க வந்தவன். குளிரோடு சமாதானம் ஆகிவிட்டவன்.

இலங்கை மலைநாட்டுப் புசல்லாவையில் பிறந்தவளுக்குக் குளிரைப் பற்றி யார் என்ன சொல்லித் தருவது என்ற மிதப்பில்தான் வந்திருந்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிகாலைப் பனியில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போன அம்மாவின் மகள் நான். ஆனால் எங்கள் குளிருக்கு ஒரு மரியாதை உண்டு. காலையில் வரும், தோளில் உட்காரும், பத்து மணிக்கு வெயில் ஏறினால் எழுந்து போய்விடும். இந்தக் குளிர் நடுப்பகலிலும் போவதாக இல்லை. மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாலரை மணிக்குள் ஊரே இருட்டிவிட்டது. ஐயோ சாமி, இனி எப்போது விடியும்?

ஊர் என்று ஒருமையில் சொல்வதே இங்கே தப்பு. டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. 1910இல் ஆறையும் சேர்த்து ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் என்று ஒரே பேர் வைத்தார்கள். 1925இல் அது மாநகரம் ஆனது. ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டால் பர்ஸ்லெம் என்கிறார்கள், லாங்டன் என்கிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த நாவலாசிரியர் ஆர்னல்ட் பெனட் தன் கதைகளில் ஆறு ஊரை ஐந்தாக்கிவிட்டார். விடுபட்டது ஃபென்டன். அந்தக் கோபம் ஃபென்டனில் இன்னும் ஆறவில்லையாம். தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் முறைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாரியம்மன் திருவிழா நோட்டீசில் ஒரு டிவிசனின் பேரை விட்டுப் பாருங்கள், பேரன் காலம் வரைக்கும் பேசுவார்கள்.

பையன் வாடகைக்கு இருக்கும் தெருவுக்குள் நுழைந்ததும் நடை நின்றுவிட்டது. தெரு நீளத்துக்கும் ஒரே சுவர், ஒரே கூரை. கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல் என்று முடிவில்லாமல் போகிறது.

"டேய், இது லயம்டா!"

"செங்கல் லயம் சித்தி" என்று சிரித்தான்.

உண்மையிலேயே லயம்தான். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில், வேலையாட்களை அடுக்கி வைப்பதற்காக, செலவைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவை. ஆனால் உள்ளே போனால் கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை. கக்கூஸ் முன்பு கொல்லைப்புறத்தில் இருந்ததாம். எங்களுக்கு ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடுப்பும், கட்டிலும், சாமித்தட்டும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்த வீடுகளை வாங்கலாம், விற்கலாம், பத்திரம் எழுதலாம். எங்கள் லயக் காம்பராவில் நாலு தலைமுறை பிறந்து செத்தும், அது யாருடையது என்று கேட்டால் ஊரில் பலர் இன்னும் துரை பங்களாப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள்.

இவ்வளவு தூரம் எதற்கு வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மலையிலிருந்து தேயிலை இந்த நாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் முழுவதும், அதை ஊற்றிக் குடிக்கிற கோப்பையைச் செய்துகொண்டிருந்தது இந்த ஊர். கொழுந்து கிள்ளியவர்களுக்கும் கோப்பை வனைந்தவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டும் சந்தித்தது யாரோ ஒருவருடைய மேசையில். அந்த மறுபக்கத்து ஆட்கள் எப்படி இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்று பார்க்க ஆசை. வேறொன்றுமில்லை.

மறுநாள் காலையில் முதலில் பார்த்தது சாப்பாட்டை. ஓட்கேக் என்று பேர். கேக் என்றதும் இனிப்பாக இருக்கும் என்று போனால், ஒரு பெண் மாவைக் கரண்டியால் மோந்து சூடான இரும்புக் கல்லில் வட்டமாக ஊற்றுகிறாள்! ஓட்ஸ் மாவைக் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, கல்லில் ஊற்றி, ஓட்டை ஓட்டையாக வெந்ததும் திருப்பிப் போடுகிறாள். சாட்சாத் தோசை. கட்டச்சம்பல் இருக்க வேண்டிய இடத்தில் சீஸும் பன்றி இறைச்சியும் வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். எனக்குச் சீஸ் மட்டும். வாயில் போட்டதும் லேசான புளிப்பு. கண்ணை மூடிக்கொண்டால் ஊர். இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பிய சிப்பாய்கள் அங்கே தின்ற ரொட்டியை நினைத்து இதைச் செய்தார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஓட்ஸ் விளைகிற குளிர்தேசத்து ஏழைக்கு இதைக் கண்டுபிடிக்கச் சிப்பாய் எதற்கு? முன்பெல்லாம் இதை வீட்டு முன்னறையிலேயே சுட்டு ஜன்னல் வழியாக விற்றார்களாம். ஹான்லியில் அப்படி இருந்த கடைசிக் கடையை 2012இல் மூடியதற்கு ஊரே துக்கம் கொண்டாடியிருக்கிறது.

வயிறு நிறைந்த தெம்பில் லாங்டனுக்கு பஸ் ஏறினோம். அங்கே கிளாட்ஸ்டன் என்ற பழைய கோப்பைத் தொழிற்சாலையை இடிக்கவிடாமல் காப்பாற்றி, 1970களில் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டினால் கல் பாவிய முற்றம். அதைச் சுற்றி, அடேயப்பா, செங்கல் சூளைகள்! கழுத்து நீண்ட கூஜாக்களை யாரோ ராட்சசன் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோன தினுசில் அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. போத்தல் சூளை என்றே இவற்றுக்குப் பேர். ஒரு காலத்தில் ஆறு ஊரிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. இன்று மிஞ்சியது 47. எல்லாம் நிலக்கரியில் எரிந்தவை. பட்டப்பகலில் எதிரே வருகிறவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை. 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்ததும் மின்சாரமும் எரிவாயுவும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1978இல் கடைசியாக ஒருமுறை, மறந்துபோவதற்குள் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று, பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு சூளையை எரித்திருக்கிறார்கள்.

சூளைக்குள்ளேயே போகவிடுகிறார்கள். போனேன். வெளியே தெரிவது வெறும் புகைக்கூடு. உள்ளே இன்னொரு சுவர், அதற்குள்தான் உண்மையான அடுப்பு. கோப்பைகளை நெருப்பும் புகையும் தொடாதபடி மண்பெட்டிகளுக்குள் வைத்து, அந்தப் பெட்டிகளைத் தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பெட்டியைத் தூக்குவது எப்படித் தெரியுமா? தலையில்! பழைய காலுறையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தலையில் பெட்டியோடு ஏணியில் ஏறி நிற்கிற ஆள் ஒரு புகைப்படத்தில் இருக்கிறார். சும்மாடு! நெற்றியில் கயிற்றைப் போட்டுக் கூடையை முதுகில் சுமந்த எங்கள் பெண்களின் நெற்றித் தழும்பு எனக்குத் தெரியும். இவர்களுக்கு உச்சந்தலையில் மயிர் தேய்ந்திருக்குமோ என்னவோ. அந்தப் பெட்டியின் அடித்தட்டுக்கு மண்ணைத் தட்டித் தட்டித் தருவதற்கென்றே ஒரு பையன் இருந்திருக்கிறான். 'அடி தட்டுகிறவன்' என்ற அந்த வேலையின் பேரைச் சொல்லிச் சொல்லி இன்றும் ஊரே சிரிக்கிறது.

எரிக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் எரியும். நெருப்புக்குப் பொறுப்பானவர் வீட்டுக்குப் போக மாட்டார். கடிகாரத்தை விட, துளை வழியாகத் தெரிகிற நெருப்பின் நிறத்தைத்தான் நம்புவார். நிறம் தப்பினால் ஆயிரக்கணக்கான கோப்பை பாழ். இதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம். அவர் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். அரைத்த கொழுந்து பச்சை மாறிச் செம்பாகிற நேரத்தில் டீமேக்கர் ஒரு பிடி எடுத்து மூக்கில் வைப்பாராம். அந்த மூக்கு சரி என்று சொல்கிற வரைக்கும் யாரும் அசைய முடியாது. இங்கே கண், அங்கே மூக்கு. இரண்டுக்கும் சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட.

சூளை ஆறுவதற்குள் இறக்கச் சொல்வார்களாம். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். தொழில் எதுவானாலும் முதலாளியின் அவசரம் ஒன்றுதான்.

அடுத்த கட்டடம் என்னைக் கொஞ்சம் உட்காரவைத்துவிட்டது. அச்சில் வனைந்த கோப்பையை அச்சோடு தூக்கிக்கொண்டு, தகிக்கிற காயவைக்கும் அறைக்கு ஓடி, வைத்துவிட்டு வெற்று அச்சோடு திரும்பி ஓடிவர வேண்டும். நாள் முழுக்க இந்த ஓட்டம்தான் வேலை. செய்தவர்கள் குழந்தைகள். டன்ஸ்டலில் 1832இல் பிறந்த சார்ல்ஸ் ஷா ஏழு வயதில் இந்த ஓட்டத்தைத் தொடங்கினார். பத்து வயதில் குடும்பத்தோடு ஏழைவிடுதிக்குப் போனார். முதுமையில் அதையெல்லாம் உள்ளூர்ப் பத்திரிகையில் பேர் போடாமல் எழுதினார். 1903இல் அது புத்தகமாகியது. லயத்து வாழ்க்கையை வெளியிலிருந்து எழுதியவர்கள் நிறையப் பேர். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை உள்ளேயிருந்து எழுதினார். ஷாவின் படத்துக்கு முன்னால் நின்றபோது இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆளுக்கொரு பிளேன்டியும் கொடுத்து.

1864இல்தான் தொழிற்சாலைச் சட்டம் கோப்பைத் தொழிலின் குழந்தைகளை எட்டிப் பார்த்தது. அதற்குள் எத்தனை பிள்ளைகள் எத்தனை மைல் ஓடினவோ.

கூலி விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வனைந்தவனுக்குக் கூலி எப்போது? சூளையிலிருந்து கோப்பை நல்லபடியாக வெளியே வந்தால் மட்டும். அடுக்குகிறவன் கை தவறினாலும், நெருப்பு கூடிப்போனாலும், வனைந்தவன் தலையில்தான் நட்டம். நான் "ஆ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடாமல் எப்படி இருப்பது? கொழுந்து நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்தைச் செக்ரோல் பதிவில் போட்டதைக் கண்ணால் பார்த்தவள் நான். மழையில் கிள்ளினால் தண்ணீர் இருக்கத்தானே செய்யும்? மழையை யார் கேட்டது? சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இரண்டு ஊர்க் கணக்கப்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும்.

நவம்பர் 11, மார்ட்டின் பண்டிகை நாளில் ஒரு வருசத்துக்கு ஆளைக் கட்டிப்போடும் ஒப்பந்தமும் இங்கே இருந்திருக்கிறது. அதையும் சூளைக் கணக்கையும் எதிர்த்து 1836 கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த ஜனவரி வரை நீடித்துப் பசியில் முடிந்தது. 1842 ஆகஸ்டில் பர்ஸ்லெம் சந்தியில் கூட்டத்தின் மேல் பட்டாளம் சுட்டதில் ஜோசையா ஹீப்பி என்ற இளைஞன் செத்துப்போனான். எங்கள் கண்டிச் சீமையில் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டவர்கள் மேல் பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்தாரே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இயந்திரம் வந்து வேலை போய்விடும் என்று பயந்த சங்கத்துக்காரர்கள் 1844இலிருந்து காசு சேர்த்து அமெரிக்காவில் விஸ்கான்சினில் நிலம் வாங்கி, குயவர் குடும்பங்களைக் கப்பலேற்றியும் பார்த்திருக்கிறார்கள். சில வருசங்களில் திட்டம் நொடித்துப்போனது. இருந்தாலும் அவர்கள் தாங்களே சீட்டுப்போட்டுத் தாங்களே முடிவெடுத்துப் போனவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தபோது எங்கள் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, அழுதுகொண்டே இருக்க முடியாது. அதே அருங்காட்சியகத்தில் அடுத்த கூடம் கக்கூஸ்களுக்கு! சத்தியமாகச் சொல்கிறேன், கக்கூஸ் வரலாற்றுக்கென்றே ஒரு கூடம். சுத்தம் செய்யச் சுலபமான, ஒரே துண்டாக வார்த்த பீங்கான் கக்கூஸை 1880களில் ட்வைஃபர்ட் என்ற இந்த ஊர்க்காரர் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறார். நீலப்பூப் போட்டது, சிங்கமுகம் வைத்தது, கொடி படர்ந்தது. இவ்வளவு அழகான பொருளின் மேல் உட்கார யாருக்கு மனசு வரும்? நான் ஒவ்வொன்றாகப் படமெடுப்பதைப் பார்த்து அக்கா மகன் வேறு யாருடனோ வந்தவன் மாதிரி தூரப் போய் நின்றுகொண்டான்.

அங்கே ஒரு வயதான பெண் எலும்புப் பீங்கானில் ரோஜாப்பூ செய்துகாட்டினார். மண்ணை உள்ளங்கையில் தட்டி ஒவ்வொரு இதழாக விரலாலேயே சுருட்டினார். ஒரு நிமிசத்தில் பூ. மண் ஏன் இப்படி வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டேன். பாதி மாட்டெலும்புச் சாம்பல், மீதி கோர்ன்வால் வெள்ளைக்களியும் கல்லும் என்றார். 1790களின் கடைசியில் ஸ்போட் என்ற குயவர் குடும்பம் சரியாக்கிய கலவை அதுதானாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அம்மாயி துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். பிடி உடைந்த ஒரு கோப்பையை அங்கே தூக்கிப்போட, இவர் எடுத்து வந்துவிட்டார். மெல்லிய கோப்பை, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும், அடியில் ஒரு கிரீடமும் ஸ்டாஃபர்ட்ஷயர் என்ற எழுத்தும். அதில் தேத்தண்ணி குடிக்க அவருக்கு மனசு வரவில்லை. சாமித்தட்டில் வைத்துத் திருநீறு போட்டுவைத்தார். வெள்ளிக்கிழமை கவிச்சி வாசமே ஆகாத வீட்டில், முருகனுக்கு முன்னால், இத்தனை வருசமாக மாட்டெலும்பு! அக்காவுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸிலேயே ஒரு விவாதம் நடந்தது. "திருநீறும் மாட்டுச் சாணிச் சாம்பல்தானே சித்தி. உள்ளேயும் சாம்பல், வெளியேயும் சாம்பல்" என்று பையன் தீர்ப்புச் சொன்னான். பிழைத்தேன்.

பர்ஸ்லெமுக்குப் போகும் வழியில் கால்வாயைப் பார்த்தோம். நம் நுவரெலியா ரோட்டு ஓடைகளை விடக் கொஞ்சம்தான் அகலம், அசையாத தண்ணீர். அதற்கு இவ்வளவு வரலாறு! குண்டும் குழியுமான வண்டிப்பாதையில் போன கோப்பைகள் உடைந்துகொண்டே போனதால் வெட்ஜ்வுட் கூட்டாளிகளைச் சேர்த்து, 1766இல் முதல் மண்ணைத் தானே வெட்டித் தொடங்கிவைத்தார். 1777இல் வெட்டி முடித்தார்கள். இடையில் 1768இல் அவருடைய வலது காலையே எடுத்துவிட்டார்கள், மயக்க மருந்தும் இல்லாத காலம். மறுவருசமே எட்ரூரியாவில் புதுத் தொழிற்சாலையைத் திறந்துவிட்டார். மனுசனா அது! மணியடித்து ஆளை உள்ளே எடுத்து, நேரத்துக்கு வந்தார்களா என்று கணக்குப் போட்டவரும் அவரே. சரக்கைக் கொண்டுபோவதில் எங்கள் ஊர்க் கோப்பித் துரைமாருக்கும் இதே தலைவலிதான். அவர்களுக்காக 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது.

எட்ரூரியாவில் 1787இல் வெட்ஜ்வுட் ஒரு சின்னப் பதக்கம் செய்தார். சங்கிலியோடு மண்டியிட்ட ஒரு கறுப்பு அடிமை. அடிமை முறைக்கு எதிராகப் பெரிய மனிதர்கள் அதைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் அடிமை முறை ஒழிந்த கையோடு கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1841இல் வேர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் தங்கள் உறவினர் பேரிலேயே ரொத்சைல்ட் தோட்டத்தை எழுப்பி, சீனத் தேயிலைச் செடியையும் நட்டுப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மன்னார்க் கரையேறி, காடுவழியாக மாத்தளைக்கு நடந்து, வழியில் பலரைப் புதைத்துவிட்டு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒருவரும் பதக்கம் செய்யவில்லை.

பர்ஸ்லெமில் கால்வாய்க் கரையோரம் மிடில்போர்ட். 1888இல் கட்டிய இந்தத் தொழிற்சாலையில் இன்னும் வேலை நடக்கிறது. உள்ளே போனதும் மூக்கில் ஏறிய வாசம் சோப்பும் ஈரக் களிமண்ணும். ஒரு உருளையில் நீல மை தடவிச் சுழற்ற, மெல்லிய காகிதத்தில் பூவும் கொடியும் அச்சாகி வருகிறது. அதை வாங்கிக்கொண்ட பெண் கத்தரியால் நறுக்குகிறாள். அளவுகோல் இல்லை, கோடு இல்லை. வழவழப்பு ஏறாத கோப்பையின் வயிற்றில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, பிடியைச் சுற்றி ஒரு நூல் போன்ற துண்டு என்று ஒட்டுகிறாள். ஒட்டின இடம் தெரியக்கூடாது, கொடி கொடியோடு சேர வேண்டும். பிறகு விறைப்பான தூரிகையை எடுத்து அழுத்தித் தேய்க்கிறாள். சுவரே அதிர்கிற தேய்ப்பு. கோப்பையைத் தண்ணீரில் முக்கினால் காகிதம் கழன்று மிதக்கிறது, பூ கோப்பையில் தங்கிவிடுகிறது. நான் குனிந்து அவள் விரல்களையே பார்த்தேன். நகத்தடியில் நீலம் ஊறிப்போயிருந்தது. அம்மாவின் விரல்களில் கொழுந்துச் சாயம் கறுப்பாக ஊறியிருக்கும், தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தப் பெண் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்க, கை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதுவும் எங்கள் மலையில் பார்த்ததுதான்.

இந்தப் பெண்கள் பரவாயில்லை. பழைய காலத்தில் ஈயக் குழம்பில் கோப்பையை முக்கி எடுத்த பெண்களுக்குக் கை தொங்கிப்போனது, கண் போனது, கரு தங்கவில்லை. ஆண்களுக்குச் சக்கிமுக்கிக் கல்தூளால் நெஞ்சு அடைத்தது. குயவர் அழுகல் என்று அதற்கு ஒரு பேரே இருந்தது.

சாமி விசயத்திலும் இவர்கள் நம்ம ஆட்கள். மோ கொப் என்ற குன்றின் மேல் 1807 மே மாதம் நாள் முழுக்க வெட்டவெளியில் பாடியும் கூவியும் ஜெபம் செய்து, பெரிய சபையை மிரளவைத்திருக்கிறார்கள். தலைவர்களில் ஒருவரான வில்லியம் க்ளோஸ் பர்ஸ்லெம் குயவர். இரண்டு தலைவர்களையும் சபை வெளியே தள்ளியது, அவர்கள் தங்கள் சபையை ஏழைகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டார்கள். மாசி மாதம் லயத்து முற்றத்தில் தப்பு முழங்கக் காமன் கூத்து ஆடுகிறவர்களைப் பார்த்துப் பங்களா ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொண்டது ஞாபகம் வருமா வராதா?

சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டுவிட்டார். எண்பதைத் தாண்டியவர். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கோப்பைக்குப் பூ ஒட்டியவர். இங்கே எல்லோரையும் 'டக்' என்றுதான் அழைக்கிறார்கள், அதாவது வாத்தே. காலையில் பஸ் சாரதி அப்படி அழைத்தபோது முறைத்தேன். இந்த அம்மா வாயில் கேட்டபோது இனித்தது. பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதிக்குப் பையன்.

கோடையில் குயவர் விடுமுறை வந்தால் எல்லாச் சூளையும் ஒன்றாக அணையுமாம். ஊரே கடற்கரைக்கு ரயிலேறிவிடும். போகக் காசில்லாதவர்கள் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார்களாம். "அது அங்கேதான் இருந்ததுன்னு அப்பத்தான் தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலையைப் பார்க்க விடுமுறை வரைக்கும் காத்திருந்த சனங்கள்!

தேத்தண்ணி வந்தது. நூல் கட்டின பையை வெந்நீரில் முக்கி, பாலை ஊற்றி. தேயிலை நாட்டுக்காரி முகத்தைச் சுளிக்கக்கூடாது என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். எந்தத் தோட்டம் என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பேரில்லை. நான் பெட்டியைத் திருப்பியதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோசம். இந்த ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடப் போனாலும் தட்டைத் தலைகீழாகத் திருப்பி எங்கே செய்தது என்று பார்ப்பார்களாம். உணவகமோ, கல்யாண வீடோ, கவலையில்லை. அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, மகள் பரிசாகக் கொடுத்தது என்று சொல்லி, என் கையில் கவிழ்த்து வைத்தார். நொரிட்டாக்கே. கீழே ஸ்ரீ லங்கா.

"இது மாத்தளைங்க!" என்று எழுந்தே நின்றுவிட்டேன். கண்டியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். 1970களிலிருந்து அங்கே பீங்கான் செய்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

"அப்ப எங்க வேலை உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கு" என்றார் அவர். கோபம் இல்லை, கணக்குச் சொல்வது போலத்தான் இருந்தது. ராயல் டூல்டன் தொழிற்சாலை பர்ஸ்லெமில் 2005இல் மூடியது. ஸ்போட் 2008இல் விழுந்தது. மறுவருசம் தொடக்கத்திலேயே வெட்ஜ்வுட்டும். வேலைகள் கப்பலேறிக் கிழக்கே போயின. கோப்பை செய்த கைகள் இப்போது கிடங்குகளில் பெட்டி கட்டுகின்றன. எங்களுக்கும் வந்தது என்ன பெரிய வாழ்வு என்று சொன்னேன். நாள்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டு வருசக்கணக்காக நடந்து, 2021இல்தான் அது கிடைத்தது என்றேன். ஆயிரம் என்றதும் கண்ணை விரித்தார். பவுனில் கணக்குப் போட்டுச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். சூளைக் கணக்கைப் பற்றி அவருடைய பாட்டி திட்டிக்கொண்டே செத்ததாகச் சொன்னார். நான் தண்ணிக் கழிவைச் சொன்னேன். இரண்டு பேரும் கணக்கப்பிள்ளைகளை மனம்விட்டுத் திட்டினோம். மொழிபெயர்க்கப் பையன் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

உங்கள் ஊரிலும் இதுமாதிரி அருங்காட்சியகம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். கம்பளைக்கும் புசல்லாவைக்கும் இடையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பராக்களையே எடுத்து, 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பழைய பத்திரங்களும் இருக்கின்றன. கக்கூஸ் கூடம் மட்டும் இல்லை. லயத்துக்குக் கக்கூஸ் வந்த கதையே இன்னும் முடியவில்லையே, எதைக் காட்சிக்கு வைப்பது? தேயிலை குடிக்க நுவரெலியாவுக்குப் போகிற சுற்றுலாப் பஸ்கள் அந்தத் திருப்பத்தில் நிற்பதில்லை. நிற்க வேண்டும். அரசாங்கம் ஒரு நல்ல பெயர்ப்பலகையாவது வைக்கலாம்.

தானும் ஒருதரம் வந்து பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. முழங்கால்தான் யோசிக்கிறதாம். கண்டியில் நுவரெலியா பஸ் ஏறி, கம்பளை தாண்டி, கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், மே மாதத்துக்குப் பிறகு மழை, அப்போது வந்தால் காலுக்கு உப்பும் சவர்க்காரமும் தடவிக்கொள்ள வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். உப்பு எதற்கு என்று கேட்டார். அட்டைக்கு என்றேன். அட்டை என்றால் என்னவென்று பையன் விளக்கினான். எவ்வளவு இரத்தம் குடிக்கும் என்று கேட்டார். துரைமாரை விடக் குறைவு என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர் சுவரைத் தட்டினார்.